கல்லுக்குப் பசியில்லை

கண்டி மாநகரிலே வாவிக்கரையில் உலாவுவோர் பலர். தலதா மாளிகையைக் கண்டு மீள்வோரும் பலர். ஆனால் திரித்துவக் கல்லூரியின் தேவாலயத்துள் நுழைந்து, அதன் சுவரோவியங்களின் முன் அமைதியாக நிற்போர் சிலரே. சென்ற ஆண்டு ஒரு தாயை நான் அங்கே அழைத்துச் சென்றேன். அதன் காரணத்தைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

அவ்வம்மையார் கண்டிக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிற் கொழுந்து பறிப்பவர். அவருடைய ஒரே மகன் என்னிடம் கணிதம் கற்றவன். கற்றவன் என்பது ஒரு வழக்குக்காகச் சொல்வது. நான் கரும்பலகையிற் சமன்பாடு எழுதும்போது, அவன் கொப்பியின் பின்பக்கத்தில் லயத்து வாசலையும் கொழுந்துக் கூடையையும் சில வேளை என்னையுமே வரைந்துகொண்டிருப்பான். ஒருநாள் சினங்கொண்டு அக்கொப்பியைப் பறித்தேன். "பரீட்சை முடிந்த பின் வந்து வாங்கிக்கொள்" என்றேன். அவன் வந்து கேட்கவில்லை. நானும் அழைத்துக் கொடுக்கவில்லை.

பின்னர் அவன் சித்திரக் கலையையே பயின்றான். சிறு கண்காட்சிகளில் அவன் படங்கள் இடம்பெறத் தொடங்கின. 23ஆம் வயதில் டெங்குக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோயிற்று.

ஆண்டுத் திவசம் நெருங்கியபோது அம்மையார் என் வீட்டுக்கு வந்தார். மகனின் படங்கள் விற்ற பணமும் தம் சேமிப்புமாக மூன்று இலட்சம் ரூபா அவரிடம் இருந்தது. பளிங்குக் கல்லிற் படம் பொறித்துச் சமாதி எழுப்ப வேண்டும் என்பது உறவினர் விருப்பம். "நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள், ஐயா?" என்று கேட்டார். நான் உடனே விடை கூறவில்லை. மறுவாரம் அத்தேவாலயத்துக்கு வருமாறு அழைத்தேன்.

1923இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1935இல் அர்ப்பணிக்கப்பட்ட ஆலயம் அது. கண்டி மன்னரின் மகுல் மடுவத்தை நினைவூட்டும் செதுக்குத் தூண்கள் அதனைத் தாங்கி நிற்கின்றன. சீடரின் பாதங்களைக் கழுவும் யேசு, நல்ல சமாரியன், சிலுவைக் காட்சி முதலிய ஓவியங்களைச் சுவர்களில் தீட்டியவர் டேவிட் பெயின்டர். அவர் 1900இல் இமயத்து அடிவாரத்து அல்மோராவிற் பிறந்தவர். தந்தை ஆங்கில மிஷனரி, தாய் சிங்களப் பெண்மணி. இக்கல்லூரியிலே கற்று, புலமைப்பரிசில் பெற்று லண்டன் றோயல் அக்கடமி சென்றார். அங்கே மேலும் ஒரு பரிசில் அவருக்குக் கிட்டியது. எட்வர்டு ஸ்டொட் என்ற ஓவியரின் பெயரால் அமைந்த அப்பரிசில் அவரை இத்தாலிக்கு அனுப்பியது.

ஸ்டொட் இங்கிலாந்தின் அம்பர்லி என்னும் கிராமத்தில் வாழ்ந்து, உழவரையும் மாலை வெளிச்சத்தையும் வரைந்தவர். 1918இல் அவர் இறந்தபோது பெயின்டருக்கு வயது 18. அவர் விட்டுச் சென்ற பொருள், முன்பின் அறியாத ஓர் இளைஞரைச் சுவரோவியங்களின் தாயகமாகிய இத்தாலியிற் கொண்டுபோய் நிறுத்தியது. அந்த இளைஞர் இலங்கைக்கு மீண்டு வந்து, தாம் கற்ற கல்லூரியின் சுவர்களுக்கே உயிர் கொடுத்தார். ஸ்டொட்டின் படங்களை நம்மில் எத்தனை பேர் கண்டிருப்போம்? ஆயினும் அவர் வைத்த தீபத்தின் ஓர் ஒளிக்கீற்று கண்டியின் குன்றொன்றில் இன்றும் தெரிகின்றது.

இதையெல்லாம் எளிய மொழியில் எடுத்துரைத்தேன். அம்மையார் சிலுவைக் காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலுள்ள யேசு தாடியில்லாத இளைஞர். "சின்னப் பிள்ளையின் முகம்" என்று மெல்லச் சொன்னார். வெளியே வந்து படியில் அமர்ந்த பின், "கல்லுக்குப் பசியில்லை, ஐயா. படிக்கிற பிள்ளைக்குக் கொடுப்போம்" என்றார்.

எனக்குள்ளிருந்த கணித ஆசிரியன் உடனே விழித்துக்கொண்டான். பரீட்சையில் முதலாவதாக வரும் மாணவருக்குக் கொடுப்பதே முறை என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். "என் மகன் எதிலே முதலாவதாக வந்தான்? தூரிகை வாங்க முடியாமல் தென்னீர்க்கில் வரைந்தவன் அவன். அப்படி ஒரு பிள்ளையைத் தேடிக் கொடுங்கள்." நான் வாயடைத்து நின்றேன். எழுத்தறியாத அத்தாய் ஒரே வாக்கியத்தில் விதியை எழுதி முடித்துவிட்டார்.

முதலை வங்கியில் வைத்து, ஆண்டுதோறும் வரும் வட்டியைத் தாளுக்கும் வர்ணத்துக்கும் பஸ் கட்டணத்துக்கும் வழங்குவதென ஏற்பாடாயிற்று. பெரிய தொகையன்று, இத்தாலிக்கு அனுப்பப் போதாது. ஆனால் தோட்டத்துப் பிள்ளை ஒன்று சனிக்கிழமைதோறும் கண்டிக்கு வந்து சித்திரம் பயிலப் போதும். முதற் பரிசில் ஒரு மாணவிக்குக் கிடைத்தது. கணிதத்தில் அவள் பெற்ற புள்ளிகளை நான் கேட்கவில்லை.

அன்று அலுமாரியிலிருந்து அந்தப் பழைய கொப்பியை எடுத்துச் சென்று அம்மையாரிடம் ஒப்படைத்தேன். நடந்ததையும் மறையாமற் கூறினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, என் உருவம் வரைந்திருந்த இடத்தில் நிறுத்திச் சிரித்தார், பின்னர் அழுதார். அதன்பின் அக்கொப்பியை அந்த மாணவியின் கையிற் கொடுத்து, "பின்பக்கம் இன்னும் வெற்றுத் தாள் இருக்கிறது, மகளே" என்றார்.

இளமையில் மறைந்தவருக்கு நினைவுச் சின்னம் எழுப்ப எண்ணும் பெற்றோரே, அவர் முடிக்காது விட்ட வேலை எது என்று முதலிற் பாருங்கள். ஆசிரியர்களே, மாணவரிடமிருந்து பறித்த கொப்பி எதுவும் உங்கள் அலுமாரியில் இருந்தால், இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.