பெயர் அறிந்த பகைவன்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புரைகளைத் தேடிப் படிக்கும் வழக்கம் நமக்கு இருந்ததில்லை. 2006-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 29-ஆம் நாள் சலீம் ஹம்தான் என்னும் யமன் நாட்டு ஓட்டுநரின் வழக்கில் அந்நீதிமன்றம் தன் நாட்டு அதிபருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது என்ற செய்தி வந்தபோதுதான், அதை எழுதிய நீதிபதி யார் என்று அறியும் ஆவல் எழுந்தது. ஜான் பால் ஸ்டீவன்ஸ் என்பது அன்னாரின் பெயர். எண்பத்தாறு வயது முதியவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை அதிகாரியாகப் பணிபுரிந்தவர். பகைவனைத் தேடிக் கண்டறியும் தொழிலில் இளமையைக் கழித்தவர், முதுமையில் பகைவன் எனப்பட்டவனின் உரிமைக்காக எழுத வந்தது எவ்வாறு?

சிகாகோ நகரில் 1920-இல் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மூவாயிரம் அறைகள் கொண்ட ஸ்டீவன்ஸ் ஹோட்டல் அக்குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்தது. பொருளாதார வீழ்ச்சியில் அது நொடித்தது. 1933-இல் நிதி கையாடல் குற்றத்துக்காகத் தந்தைக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டே மாநில உச்ச நீதிமன்றம் மோசடி ஏதும் இல்லையென்று அதை நீக்கியது. நீதிமன்றம் தவறிழைக்கும் என்பதையும், அத்தவற்றை மற்றொரு நீதிமன்றம் திருத்த முடியும் என்பதையும் பள்ளிப் பருவத்திலேயே சொந்த வீட்டில் கண்ட பிள்ளை அவர். சட்டக் கல்லூரி இதைவிட அதிகமாக என்ன கற்பித்துவிடப் போகிறது!

1941 டிசம்பர் 6-ஆம் நாள் அவர் கடற்படையில் சேர்ந்தார். மறுநாள் ஜப்பானிய விமானங்கள் பேர்ள் ஹார்பரைத் தாக்கின. பின்னர் அதே தளத்துக்கு அனுப்பப்பட்டு, 1945 வரை எதிரிக் கப்பல்களின் வானொலிச் செய்திப் போக்குவரத்தை ஆராயும் உளவுப் பிரிவில் பணியாற்றினார். இப்பணிக்காக வெண்கல நட்சத்திரப் பதக்கம் பெற்றார்.

1943 ஏப்ரல் 18 அன்று, ஜப்பானியக் கடற்படைத் தலைவர் யமமோட்டோ பயணம் செய்த விமானம் பூகன்வில் தீவின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவரது பயண நேரத்தைச் சங்கேதச் செய்தியிலிருந்து அறிந்து, அவரையே குறிவைத்துச் சென்ற தாக்குதல் அது. பேர்ள் ஹார்பரைத் தாக்கத் திட்டமிட்டவர் வீழ்ந்தார் என்றால் அத்தளத்தில் யார்தாம் மகிழமாட்டார்? ஸ்டீவன்ஸ் மட்டும் முழு மனத்தோடு மகிழ இயலாதவராயிருந்தார். களத்தில் முகமறியாத பகைவரைக் கொல்வது வேறு. இன்னார் என்று பெயர் குறித்து ஒருவரைக் கொல்ல அரசு முடிவு செய்வது வேறு. மரண தண்டனை பற்றிய தம் சிந்தனையில் இந்நிகழ்ச்சிக்குப் பங்குண்டு என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார்.

ஆயினும் அச்சிந்தனை கனிய நெடுங்காலம் ஆயிற்று. 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தவர், 1976-இல் மரண தண்டனையை மீண்டும் அனுமதித்த பெரும்பான்மையில் ஒருவராயிருந்தார். அது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று 2008-இல்தான் வெளிப்படையாக எழுதினார். இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள். தூக்குமேடை ஏறியவர்க்கு இந்த மனமாற்றத்தால் பயனில்லை. அவரைப் போற்றுவோர் இதைக் கடந்து சென்றுவிடுகின்றனர். நம்மால் அவ்வாறு கடக்க இயலவில்லை.

போருக்குப்பின் சட்டம் பயின்று, 1947-இல் நீதிபதி வைலி ரட்லெஜிடம் உதவியாளராகச் சேர்ந்தார். எல்லிஸ் தீவில் அடைக்கப்பட்டிருந்த சுமார் 120 ஜெர்மானியரின் ஆட்கொணர்வு மனுவை 1948-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ரட்லெஜ் அதற்கு மாறுபட்டு எழுதினார். அவ்வுரை உருவாக உதவியவர் இந்த இளைஞர். ஐம்பத்தாறு ஆண்டுகள் கழிந்து அதே கேள்வி அவர் முன்னால் வந்தது. கைதிகள் இப்போது முஸ்லிம்கள், இடம் குவாண்டனாமோ. அதுவும் ஒரு கடற்படைத் தளமே. கியூபாவிடமிருந்து 1903-இல் குத்தகைக்குப் பெற்றது. அயல்நாட்டு மண்ணில் இருப்போர் எங்கள் நீதிமன்றத்தை நாட முடியாது என்றது அரசு. முடியும் என்று 2004-இல் ரசூல் வழக்கில் ஸ்டீவன்ஸ் எழுதினார்.

ஹம்தான், உஸாமா பின் லாதினின் வாகன ஓட்டி. அதிபர் அமைத்த ராணுவ ஆணையம் அவரை விசாரிக்க முற்பட்டது. சட்டமன்றத்தின் அனுமதி அதற்கில்லை, ஜெனீவா உடன்படிக்கைக்கும் அது முரணானது என்பதே 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இதனை வீட்டில் சொன்னபோது நம் உம்மா கேட்டார்கள்: "அப்போ அந்தப் புள்ள குத்தமே செய்யாதவனா?" அதை ஸ்டீவன்ஸ் தீர்மானிக்கவில்லை. ஆபத்தானவராகவே இருக்கட்டும், முறையாக விசாரித்த பின்னரே தண்டனை என்பதுதான் அவர் எழுதியதன் சாரம். உம்மாவுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றியது. 2008-இல் ஹம்தானுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஏற்கெனவே இருந்த காலம் கழிக்கப்பட, சில மாதங்களில் யமன் திரும்பினார். 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையையும் ரத்துச் செய்தது. அவருக்காக வாதாடிய சார்லஸ் ஸ்விஃப்ட், அமெரிக்கக் கடற்படையின் அதிகாரி. வழக்கில் வென்றவருக்குப் பதவி உயர்வு கிட்டவில்லை; 2007-இல் படையிலிருந்து ஓய்வு பெற்றார். ஸ்டீவன்ஸ் 2010-இல் ஓய்வு பெற்று, 2019 ஜூலை 16 அன்று தம் 99-ஆம் வயதில் மறைந்தார். போர்வீரர்களுக்குரிய ஆர்லிங்டன் மயானத்தில் அவரை அடக்கம் செய்தனர்.