தோப்பிலிருந்து ஏறிய ஊர்

திருமங்கலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 2009 இடைத்தேர்தல்தான் ஞாபகம் வரும். ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் 'பார்முலா' என்று சொல்லிச் சிரிப்பார்கள். மீனாட்சி கல்யாணத்துக்குத் திருமாங்கல்யம் செய்து கொடுத்த ஊர், அதனால்தான் இந்தப் பெயர் என்று நாங்களும் சொல்லிப் பார்ப்போம். கேட்டுவிட்டுப் பார்முலாவுக்கே திரும்பிவிடுவார்கள். அதனால், மதுரை அமெரிக்கன் கல்லூரியின் பூர்வீகத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த ஒரு நாள், 'திருமங்கலம், 1842' என்று கண்ணில் பட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் அந்த ஆண்டு திருமங்கலத்தில் ஒரு செமினரி தொடங்கியிருக்கிறார்கள். வில்லியம் டிரேசி என்பவர் பொறுப்பு. மூன்றே வருஷத்தில், 1845-ல், அதை மூட்டை கட்டி வழியில் இருக்கும் பசுமலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே வளர்ந்த படிப்புதான் பிற்பாடு கல்லூரியாகி, கோரிப்பாளையம் போய்ச் சேர்ந்தது. ஊருக்கு வந்த நல்லது மூன்று வருஷம்கூடத் தங்கவில்லையே என்ற வருத்தத்தோடு மேலே படித்தால், அதே 1845, அதே மிஷன், ஜூன் மாதம் வேறொரு இடத்தில் இரண்டு வீடு கட்டிக்கொண்டிருக்கிறது. வீடுகளின் பெயர் சன்னிசைடு, ஷெல்டன். இடம் கொடைக்கானல்.

கொடைக்கானல் என்ற மலைவாசஸ்தலம் அந்த இரண்டு வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

இதை பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் சொன்னபோது கடைக்காரர் நம்பவில்லை. "நம்மூருக்கும் கொடைக்கானலுக்கும் இது ஒண்ணுதான் சம்பந்தம்ணே" என்று அலமாரியில் இருந்த ரேடியோவைக் காட்டினார். கோடை பண்பலை பாடிக்கொண்டிருந்தது. உயரத்தில் கோபுரம் நிற்பதால் மதுரைச் சீமை முழுக்க அந்த வானொலி கேட்கும். காலையில் இஞ்சி டீயும் அந்த நிலையமும் இல்லாத டீக்கடை எங்கள் பக்கம் குறைவு.

சம்பந்தம் ரேடியோ மட்டும்தானா என்று பார்த்துவிடலாம் எனக் கிளம்பினேன்.

யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த அமெரிக்க மிஷன், 1834-ல் மதுரைக்கு வந்தது. வந்தவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். மதுரை, திண்டுக்கல், திருமங்கலம், திருப்புவனம் என்று வெயிலில் பரவி உட்கார்ந்தார்கள். சித்திரை, வைகாசியில் குண்டாற்று மணல் எப்படிக் காயும் என்று எங்களைக் கேட்டால் சொல்லியிருப்போம். வெயிலாவது பரவாயில்லை. காலராவும் விஷக் காய்ச்சலும்தான் அவர்களைத் தின்றன. உள்ளூர் ஜனமும் அதே நோயில் கொத்துக்கொத்தாகச் செத்தது. அதை எழுதிவைக்க ஆள் இல்லை. மிஷன்காரர்கள் தங்கள் மரணங்களை எழுதிவைத்தார்கள். மனைவி, கைக்குழந்தை, கூட வந்த போதகர் என்று கல்லறைகள் கூடிக்கொண்டே போக, ஓய்வுக்கு ஒரு குளிர்ந்த இடம் பார்க்காவிட்டால் மிஷனே மிஞ்சாது என்ற நிலை வந்திருக்கிறது.

முதலில் அவர்கள் போனது கொடைக்கானலுக்கு இல்லை, சிறுமலைக்கு. திண்டுக்கல் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மலை. நியாயமான தேர்வுதான். ஆனால் அங்கேயும் காய்ச்சல் துரத்தியது. கெட்ட காற்றால் மலேரியா வருகிறது என்றுதான் உலகமே அன்று நம்பியது. அந்தச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். கொசுதான் காரணம் என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல். காரணம் தெரியாமலேயே இவர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள்: இன்னும் உயரமாகப் போனால் காய்ச்சல் தொடராது. 7,000 அடிக்குப் பழனிமலைத் தொடர், இன்றைய கொடைக்கானல் இருக்கும் மலை, இருந்தது. சிறுமலைக் கொசு கடிக்காமல் இருந்திருந்தால் இன்று நாம் தேனிலவுக்குச் சிறுமலை போய்க்கொண்டிருப்போம்.

பழனிமலை உச்சி ஒன்றும் யாருக்கும் தெரியாத இடமில்லை. 1821-லேயே பி.எஸ். வார்டு என்ற லெப்டினன்ட் ஏறி அளந்திருக்கிறார். 1834-ல் மதுரை சப் கலெக்டர் ராட்டனும் காட்டன் என்பவரும் தேவதானப்பட்டியிலிருந்து ஏறி, செண்பகனூர்ப் பக்கம் ஒரு சின்ன பங்களா கட்டினார்கள். 1836-ல் ராபர்ட் வைட் செடிகொடிகளைப் பார்க்கப் போனார். இவர்களுக்கெல்லாம் அது வேலை, பொழுதுபோக்கு. உயிருக்குப் பயந்து ஏறியவர்கள் மிஷன்காரர்கள். மலைவாசஸ்தலமும் அவர்களால்தான் உண்டானது.

எப்படி ஏறினார்கள் என்பதுதான் என்னை அதிகம் பிடித்து இழுத்தது. இன்று திருமங்கலத்திலிருந்து போகிறவர் வாடிப்பட்டி, வத்தலக்குண்டு என்று போய் மலைப்பாதையில் ஏறுகிறார். (வத்தலக்குண்டில் வெற்றிலை மட்டும் விளையவில்லை; எழுத்தாளர்கள் பி.ஆர். ராஜமய்யரும் சி.சு. செல்லப்பாவும் அந்த மண்தான்.) அந்தச் சாலை முழுதாக முடிந்து மோட்டார் ஓடத் தொடங்கியது 1910-களின் நடுவில்தான். அதற்குமுன் ஏறத்தாழ 70 வருஷம் வேறு வழி. பழைய புத்தகங்களில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: கிருஷ்ணமநாயக்கன் தோப்பு. பெரியகுளம் பக்கம், மலையடிவாரம். அந்தத் தோப்பைப் பார்த்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று பஸ் மாறி மாறிப் பெரியகுளம் போய், அங்கிருந்து ஒரு ஆட்டோவில் கும்பக்கரை அருவிப் பக்கம் போனேன். ஆட்டோக்காரத் தம்பிக்கு அருவி தெரியும், தோப்பு தெரியாது. ஒரு மாந்தோப்பு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த காவல்காரப் பெரியவரிடம் கேட்டேன்.

"ஐயா, இங்க பழைய தோப்பு எது? வெள்ளைக்காரங்க மலை ஏறுற தோப்பு?"

"தோப்பா? கண்ணுக்கு எட்டுன வரைக்கும் தோப்புத்தானய்யா. எதக் கேக்கறீங்க?"

பெரியகுளம் மாம்பழத்துக்குப் பேர்போன மண். என் கேள்வி கடலில் நின்றுகொண்டு தண்ணீர் எது என்று கேட்ட மாதிரி ஆகிவிட்டது. விஷயத்தை விளக்கிச் சொன்னேன். அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மலையில் ஒரு மடிப்பைக் காட்டினார். "வெள்ளக்காரன் கத எனக்குத் தெரியாது. வெள்ளகவிக்காரங்க இறங்குற பாதை அது. காலையில இறங்கி, சாமான் வாங்கிட்டுப் பொழுதுக்குள்ள ஏறிருவாங்க."

வெள்ளகவி! வார்டு 1821-ல் புறப்பட்டதே அந்தக் கிராமத்திலிருந்துதான். குன்னுவர்களின் ஊர். வாசலுக்கு வாசல் கோயில் என்பதால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. மலைச் சரக்கைத் தலைச்சுமையாகவும் குதிரையிலும் இறக்கிப் பழகியவர்கள். சர்வேக்காரர்களும் சப் கலெக்டரும் மிஷன்காரர்களும் 'கண்டுபிடித்த' மலைக்கு இவர்கள் பாதை போட்டு எத்தனை தலைமுறை ஆகியிருந்ததோ.

அந்த மடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புத்தகத்தில் படித்தது கண்ணில் ஓடியது. மதுரைப் பக்கமிருந்து மாட்டுவண்டியில் ராத்திரிப் பயணம். விடியுமுன் தோப்பில் இறங்கினால் கூலிக்காரர்கள் காத்திருப்பார்கள். ஆண்கள் நடந்தோ மட்டக்குதிரையிலோ ஏறுவார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் டோலி. டோலி என்றால் பல்லக்கு மாதிரி சொகுசு இல்லை. மூங்கில் கம்புகளில் கட்டிய ஒரு நாற்காலி, முன்னும் பின்னும் தோள் கொடுக்கும் ஆட்கள், கூடவே மாற்றுத் தோளுக்கு ஆட்கள். சட்டிபானை, மெத்தை, பைபிள், சில வீடுகளுக்குப் பியானோகூட இப்படித் தோளில்தான் போயிருக்க வேண்டும். வேறு வழியே கிடையாது. பத்துப் பன்னிரண்டு மைல் செங்குத்து. கீழே இடுப்பில் ஒற்றை வேட்டியோடு வியர்த்து ஏறியவர், மேலே அதே ஒற்றை வேட்டியோடு பனியில் நின்றிருப்பார். அந்தப் பாதையை ஆங்கிலத்தில் 'கூலி காட் ரோடு' என்றே எழுதினார்கள்; அதாவது சுமைகூலிகளின் மலைப்பாதை. பின்னால் வந்த வத்தலக்குண்டுச் சாலைக்கு லா என்ற மேஜரின் பெயர். ஏறிய தோள்களுக்குப் பெயர் இல்லாவிட்டாலும் கூலி என்ற பொதுப்பெயராவது பாதைக்கு நிலைத்ததே என்று எனக்கு ஒரு சின்ன சமாதானம்.

1875-ல் திருச்சி–மதுரை ரயில் வந்தபின் அம்மையநாயக்கனூரில் இறங்கி வண்டி பிடித்தார்கள். அந்த ஸ்டேஷனுக்கு 'கொடைக்கானல் ரோடு' என்று பெயர் வைத்தார்கள். இன்றும் புதிதாக வருகிறவர்கள் அங்கே இறங்கி மலையைத் தேடுவார்கள். மலை இன்னும் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

மறுநாள் மேலே போனேன், வத்தலக்குண்டு வழியாக, எல்லோரையும்போல. டம்டம் பாறையில் பஸ் நின்றபோது எதிரே தலையாறு அருவி வெள்ளை நூலாக விழுந்துகொண்டிருந்தது. எலிவால் அருவி என்ற பெயர்தான் பொருத்தம். 297 மீட்டர் நீளமுள்ள வால். அப்புறம் வெள்ளி அருவி. குரங்கு, மக்காச்சோளம், செல்பி. அந்தத் தண்ணீர் கொடைக்கானல் ஏரியின் மிச்சம் என்பது படம் எடுப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஏரியும் இயற்கையானது இல்லை. 1863-ல் மதுரை கலெக்டர் வெரே ஹென்றி லெவிஞ்சு, ஒரு சதுப்பில் கலந்த ஓடைகளை மறித்து உண்டாக்கியது. மீன் குஞ்சு ஊட்டியிலிருந்து, முதல் படகு தூத்துக்குடியிலிருந்து. தூத்துக்குடியிலிருந்து ஒரு படகு மலை ஏறியது என்றால் எந்தத் தோளில் ஏறியிருக்கும் என்று இப்போது எனக்குத் தானாகவே கேள்வி வருகிறது. கோக்கர்ஸ் வாக் 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் போட்ட நடைபாதை. பிரையண்ட் பூங்கா 1908-ல் ஒரு வன அதிகாரி வரைந்த திட்டம். குணா குகைக்கு 1991 படம் வரும்வரை பெயர் 'டெவில்ஸ் கிச்சன்'. 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்தபின் அங்கே கூட்டத்தைப் பார்க்கத்தான் ஒரு கூட்டம் போகிறது. நான் போகவில்லை.

நான் போனது சூரிய ஆய்வகத்துக்கு. என் கணக்கில் கொடைக்கானலில் பார்க்கவேண்டிய முதல் இடம் அதுதான். வேன் டிரைவர்களின் பட்டியலில் கடைசி. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாட்டில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் இறந்தார்கள். சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வலுத்தது. 1899-ல் சென்னையிலிருந்து வானாய்வு இங்கே ஏறியது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கிருந்துதான், கரும்புள்ளியில் வாயு நடுவிலிருந்து வெளியே பாய்வதைக் கண்டார். இன்று உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர். குளிர் தேடி ஓடிவந்த ஊரில் நூறு வருஷத்துக்கு மேலாக ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

காய்ச்சலுக்குப் பயந்து ஊர், பஞ்சம் பார்த்த பயத்தில் ஆய்வகம். இரண்டுக்கும் விதை கீழே, நம் சமவெளியில் விழுந்தது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பஸ் பலகையில் 'கொடைக்கானல்', வானொலியில் 'கோடை'. எது சரி என்று மேலே டீ குடித்த இடத்தில்கூடச் சண்டை நடந்தது. புறநானூற்றின் 205-ஆம் பாட்டு, பெருந்தலைச் சாத்தனார் பாடியது, கடிய நெடுவேட்டுவன் என்ற தலைவனைக் கோடை மலைக்காரனாகச் சொல்கிறது. அந்தக் கோடை இந்த மலைதான் என்பது பலரின் முடிவு. எனக்கும் அதுவே படுகிறது. கோடை என்றால் வெயில்காலம் மட்டுமில்லை, மேல்காற்றும்தான். ஆடி மாதம் எங்கள் தெருப் புழுதியைக் கிளப்பும் காற்று இந்தத் திசையிலிருந்துதான் வருகிறது. அதற்கும் முன்னால் போனால், தாண்டிக்குடிப் பக்கமும் பெருமாள்மலைப் பக்கமும் கல்திட்டைகள் நிற்கின்றன. செண்பகனூர் பாதிரியார் ஆங்கிலேடும் நியூட்டனும் அவற்றை ஆராய்ந்து 1928-ல் எழுதினார்கள். ஆக, 1845 என்பது ஊரின் வயது இல்லை. விடுமுறையின் வயது.

அமைதியான மலையூர் என்று நினைத்து மே மாதம் போகிறவர்கள் பெருமாள்மலையில் வண்டிக்குள்ளேயே நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பதுண்டு. அதற்காகத்தான் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ். அமைதி வேண்டுமானால் வார நாளில், மழை ஓய்ந்த பிறகு போங்கள். ஏரியைத் தாண்டிப் பூம்பாறை போய்க் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டு, மலைப்பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களைப் பாருங்கள். இன்னும் தள்ளி மன்னவனூர். குறிஞ்சி பார்க்கவேண்டும் என்றால் 2030 வரை பொறுக்க வேண்டும், 2018-ல் பூத்துவிட்டது.

திரும்பும்போது ஒருமுறையாவது பெரியகுளம் வழியாக இறங்கிக் கும்பக்கரைப் பக்கம் மாந்தோப்பில் நின்று, அந்த மடிப்பை அண்ணாந்து பாருங்கள். அதற்கு இ-பாஸ் வேண்டாம்.