கையெழுத்தின் விலை

அயல்நாட்டுக் கிறித்தவப் பல்கலைக் கழகம் ஒன்றின் விண்ணப்பத் தாளை என் மகள் என்முன் நீட்டினாள். இளங்கலை வகுப்புக்கு மதிப்பெண் கேட்டிருந்தனர், இருந்தது. ஆங்கிலத் தேர்ச்சி கேட்டிருந்தனர், அதுவும் இருந்தது. கடைசியில், விசுவாசத்தைப் பற்றி ஒரு கட்டுரையும், போதகரின் பரிந்துரையும் வேண்டுமாம்!

"இல்லாத நம்பிக்கையை இருப்பதாக நாலு வரி எழுதினால் என்னப்பா?" என்றாள். உதவித்தொகை ஆசை எனக்கும் உண்டு. உடனே மறுக்க நா எழவில்லை. மேடையிலே முழங்கிய நா, தோழர்களே, வீட்டிலே தடுமாறிற்று!

ஆக்ஸ்போர்டின் கதையை அவளிடம் சொன்னேன். 1581 முதல் அங்கே சேரும் மாணவன் ஆங்கிலத் திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். 1854-இல்தான் அந்தத் தளை அறுந்தது. கேம்பிரிட்ஜிலோ படிக்கலாம், கையெழுத்திடாதவனுக்குப் பட்டம் இல்லை. 1837-இல் கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பெற்றார் சில்வெஸ்டர் என்னும் யூத இளைஞர். அறிவு இருந்தது, அந்தக் கையெழுத்து இல்லை. பட்டமும் இல்லை! 1871-இல் சட்டம் மாறியது. மறு ஆண்டு பட்டம் அவரைத் தேடி வந்தது. காத்திருந்தது 35 ஆண்டுகள்!

தம் மதத்தாருக்கென நிறுவிய கூடத்தில் அவர்கள் தம் விதியை ஒளிக்காமல் எழுதி வைத்துள்ளனர். அது நேர்மை. பொய் எழுதி நுழைந்தால் நம் நேர்மை எங்கே?

மகள் எழுதுகோலை எடுத்தாள். "எனக்கு மத நம்பிக்கை இல்லை, கற்கும் ஆர்வம் உண்டு" என்று எழுதினாள். போதகருக்கான இடம் வெற்றிடமாகவே நின்றது.

இடம் கிடைக்குமா? ஐயமே! ஆனால், அன்று எனக்கு ஆசிரியர் கிடைத்தார்.