காவலுக்கும் காவலா?

நம் புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்தில் ‘அமானி’ என்றொரு முறை நடைமுறையில் இருந்தது. விளைந்த நெல்லை அரசும் குடியானவரும் பங்கிட்டுக்கொள்வது அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது! ஆனால், குடியானவர் திருடிவிடுவாரோ என்று வயலுக்கு ஒரு கங்காணி. அந்தக் கங்காணியை நம்பாமல் அவருக்கும் ஒரு காவல். 1878இல் நிருவாகப் பொறுப்பேற்ற சேஷய்யா சாஸ்திரியார் இன்னொரு காவலைக் கூட்டவில்லை. நெற்பங்கீட்டையே ஒழித்துவிட்டு, தீர்வையைப் பணமாக நிர்ணயித்தார்.

இதை நான் தேர்வுக்காகப் படிக்கவில்லை. ஆயினும் தக்க சமயத்தில் நினைவுக்கு வந்தது. வார இறுதியில் ஆலங்குடிப் பக்கம் ஒரு கடலை மண்டியில் கணக்கு எழுதுகிறேன். என் படிப்புச் செலவு அதில்தான் நடக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே.

சென்ற ஐப்பசியில் வாங்கிய 40 கிலோ மூட்டைகள் சில, மறுஎடையில் 3 கிலோ வரை குறைந்தன. முதலாளியின் சந்தேகம் மூட்டை தூக்கும் பெரியவர்மேல் விழுந்தது.

“ஆளை நிறுத்திடலாமா, இல்லே மேல ஒரு ஆளைப் போட்டுப் பாக்கலாமா? நீ என்ன தம்பி சொல்றே?”

சம்பளம் கொடுப்பவர் கேட்கும்போது ‘சரிங்க’ என்பது எவ்வளவு எளிது! பெரியவருக்கோ அந்தக் கூலியை விட்டால் வேறு வழியில்லை. பொருள் குறைந்தால் உடனே ஆளைத் தேடுகிறோம். பொருளைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

காய் உலர்ந்தால் எடை குறையும் என்பது முதலாளி அறியாததல்ல. ஆனால் மூட்டைக்கு ஒரு கிலோ என்பது அவருடைய நெடுநாள் கணக்கு. இவையோ மழை வாரத்தில் வாங்கிய காய்கள். நூற்றுக்கு 15 பங்கு ஈரமுள்ள காய் 8 பங்குக்கு உலர்ந்தால், 40 கிலோ ஏறத்தாழ 37 கிலோ ஆகிவிடும். இதற்கு வேதியியல்கூட வேண்டாம். சதவீதக் கணக்குப் போதும்.

“ஒரு வாரம் பொறுங்கய்யா. புதுசா வந்த ஈர மூட்டை ஒண்ணை உங்க வீட்டு மாடியிலேயே காயப்போட்டு எடை பாப்போம்” என்றேன். அவர் முகம் சுளித்தார், ஆனாலும் சம்மதித்தார்.

எட்டாம் நாள் தராசு 37 கிலோ 400 கிராம் காட்டியது. முதலாளி ஒன்றும் பேசவில்லை. புது ஆள் பேச்சும் அதன்பின் எழவில்லை. பெரியவர் வழக்கம்போல் மூட்டை தூக்குகிறார்.

3 கிலோ குறைந்த மூட்டைகளில் மீதி 400 கிராம் எங்கே போயிற்று என்பது இன்னும் விளங்கவில்லை. எலியாக இருக்கலாம். வரும் சனிக்கிழமை சாக்குத் தையல்களைப் பார்க்கப் போகிறோம்.