நாங்கள் வகுத்த ஏரிக்கரைச் சுற்றுலா

கட்டுரைப் பயிற்சி ஏட்டில் ஒருநாள் எங்களுக்குக் கொடுக்கப்பெற்ற தலைப்பு ‘இலையுதிர் காலத்தில் ஓர் ஏரிக்கரைச் சுற்றுலா’ என்பதாகும். உடன் ஒரு படமும் இருந்தது. செந்நிற இலைகள் நீரில் மிதக்க, கம்பளிச் சட்டை அணிந்த சிறுவர் இருவர் ஏரிக்கரையில் நின்றனர். ஆறாம் ஆண்டு மாணவர் பதினெண்மராகிய நாங்கள் அப்படத்தை நெடுநேரம் நோக்கினோம். பினாங்கில் பிறந்து, பினாங்கின் வெயிலிலும் மழையிலும் வளர்ந்த எங்களுள் ஒருவருக்கேனும் ஒரு வரியும் எழுத வரவில்லை. ஆண்டின் தொடக்கத்தில் வரும் வறண்ட மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்ப்பதைத் தோட்டப்புறத்தில் உறவினருள்ள சிலர் பார்த்திருக்கின்றனர். நாங்கள் அறிந்த இலையுதிர் காலம் அவ்வளவே!

எங்கள் ஆசிரியை நகைத்தார். “காணாததை எழுதவேண்டா, பிள்ளைகளே. கண்டு வந்து எழுதுவோம். நமக்கு அண்மையில் ஏரி எங்குள்ளது என்று நீங்களே தேடுங்கள், பயணத்தையும் நீங்களே வகுத்துக் கொண்டு வாருங்கள்” என்றார். அன்று முதல் எங்கள் ஓய்வு நேரம் முழுவதும் அவ்வேலைக்கே சென்றது.

கடல் சூழ்ந்த எங்கள் தீவில் நீர்நிலை என்று சுட்டிக்காட்ட ஆயர் ஈத்தாமிலும் தெலுக் பஹாங்கிலும் நீர்த்தேக்கங்கள் உள்ளன. அவை நாம் குடிக்கும் நீரைத் தேக்கிவைக்க எழுந்தவை. சுற்றுலாவுக்கு வேறு இடம் வேண்டும் என்று நிலப்படத்தைத் தெற்கு நோக்கித் தடவிக்கொண்டே சென்றோம். பேராக் மாநிலத்தில் தைப்பிங் எனும் ஊரில் எங்கள் விரல் நின்றது.

தைப்பிங் ஏரிப்பூங்காவைப் பற்றிப் படிக்கப் படிக்க எங்கள் வியப்பு மிகுந்தது. அந்த ஏரிகள் ஒரு காலத்தில் ஏரிகளே அல்ல! ஈயம் தோண்டியெடுத்த பின் கைவிடப்பட்ட பள்ளங்களே அவை. எங்கள் தாத்தாமார் அவற்றை ‘லம்பம்’ என்று சொல்வர். லாருட் எனும் யானை ஒன்று காட்டில் காணாமற்போய், சில நாள் கழித்துத் திரும்பியபோது அதன் காலில் ஒட்டியிருந்த சேற்றில் ஈயமண் இருந்ததாம். அதனாலேயே அவ்வட்டாரம் லாருட் என்று பெயர் பெற்றதாம். இது கதைதான். ஆயினும் எங்கள் வகுப்பில் இதை நம்பாதவர் எவரும் இலர். ஈயத்துக்காகச் சீனக் கூட்டத்தார் இருதரப்பாய்ப் பிரிந்து பல்லாண்டு போரிட்டது வரலாறு. 1874-இல் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின்னர்ப் போர் ஓய்ந்தது. ஊருக்கு ‘நிலைத்த அமைதி’ என்று பொருள்படும் தைப்பிங் எனும் பெயர் வழங்கலாயிற்று. தோண்டிச் சிதைத்த நிலத்தைப் பூங்காவாக்கும் பணி 1880-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கியது. வாக்கர் எனும் ஆங்கிலேயப் படையதிகாரியின் எண்ணம் அது. மலாயாவின் முதல் பொதுப்பூங்கா என்னும் பெருமை அதற்குண்டு.

அங்குள்ள மரங்களைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். ஏரியை ஒட்டிய சாலையோரத்தில் நூறாண்டு கடந்த தூங்குமூஞ்சி மரங்கள் வரிசையாய் நிற்கின்றன. அவற்றின் கிளைகள் சாலையைத் தாண்டி வளைந்து, ஏரிநீரைத் தொடுவதுபோல் தாழ்ந்திருக்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம் அது. மாலை மங்கும்போதும், மழைக்கு முன் வானம் இருளும்போதும் தன் இலைகளை மடித்துக்கொள்ளும். மலாய்க்காரர் அதனைப் ‘புக்குல் லீமா’, அதாவது ‘ஐந்து மணி’ என்று அழைக்கின்றனர். பெயர் சூட்டுவதில் அவர்களும் நம்மவரும் ஒத்த கருத்துடையோர் போலும்! இலை உதிர்க்கும் மரம் எங்களுக்குக் கிட்டவில்லை. இலை மூடும் மரம் கிட்டியது. இதைக் கேட்ட ஆசிரியை, “தலைப்பை மாற்றிக்கொள்ளலாம்” என்றார்.

ஊர் முடிவாயிற்று. எப்படிச் செல்வது என்பதில்தான் எங்களுக்குள் பிணக்கு எழுந்தது.

வாடகைப் பேருந்து வேண்டும் என்றனர் ஒரு சாரார். காரணம் இருந்தது. எங்களுள் ஒருவனுடைய பாட்டனார் இருப்புப்பாதையில் வேலை செய்தவர். நாட்டின் முதல் இருப்புப்பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகத்துக்கு, எட்டு மைல் தொலைவு போடப்பட்டு, 1885 ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டதை அவரே அவனுக்குச் சொன்னாராம். அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பணிப்படையினர் வந்தனர். பின்னாளில் இலங்கைத் தமிழர் பலர் நாடெங்கும் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் விளங்கினர். இன்று அப்பாதை இல்லை. கோலா செபாத்தாங் என்று பெயர் மாறிய அவ்வூரில் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. ஆங்கிலத்திலும் சாவியிலும் சீனத்திலும் எழுதிய அதே பலகையில் தமிழிலும் அவ்வூரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பது அவனது ஆசை. நாங்கள் நாள்தோறும் கடந்து செல்லும் பெங்காலான் வெல்டு சாலையும் அந்தத் துறைமுகமும் ஒரே ஆளுநரின் பெயரைத் தாங்கியவை என்று அறிந்தபோது எங்களுக்கும் அந்த ஆசை பற்றிக்கொண்டது. ஆனால் இரயிலில் போனால் தைப்பிங்கோடு சரி. பேருந்து இருந்தால்தான் கோலா செபாத்தாங் செல்ல இயலும்.

பேருந்து வாடகை தொள்ளாயிரம் வெள்ளி என்றனர். பதினெட்டால் வகுத்தோம். தலைக்கு ஐம்பது வெள்ளி. அன்று பெயர் கொடுத்தவர் பதினேழு பேர்.

பெயர் கொடாத தோழி, “நான் தைப்பிங்கைப் பலமுறை பார்த்தாயிற்று, நீங்கள் போய் வாருங்கள்” என்றாள். நாங்களும் நம்பினோம். மறுநாள் சுவரொட்டிக்குப் பூங்காவின் படத்தை வரைந்து கொண்டிருந்தபோது அவள் அருகில் வந்து நின்றாள். “அந்த ஏரி நம் பள்ளித் திடலைவிடப் பெரிதாய் இருக்குமா? மரக்கிளை மெய்யாகவே தண்ணீரைத் தொடுமா?” என்று கேட்டாள். ஒருவரும் விடை சொல்லவில்லை. வரைந்துகொண்டிருந்த பென்சில்கள் மட்டும் சற்று நின்றன.

அவள் பெயரை இங்கு எழுதமாட்டோம். இப்பகுதியை அவளிடம் படித்துக் காட்டி, அவள் ‘போடலாம்’ என்ற பின்னரே எழுதியிருக்கிறோம். ஒரு சொல்லையும் அவளே திருத்தினாள்.

அன்று மாலை, ஆசிரியை இல்லாத நேரத்தில், நாங்கள் கூடிப் பேசினோம். இரயிலில் சென்றால் பாதிக் கட்டணம் எங்களுக்கு. பெர்ரியும் இரயிலும் சோறும் சேர்த்துத் தலைக்குப் பதினைந்து வெள்ளிக்குள் அடங்கும் என்று கணக்கிட்டோம். ஆனால் பலகை? அதனைச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. இருப்புப்பாதைக்காரரின் பேரனே முதலில் வாய் திறந்தான். “பலகை எங்கே ஓடிப்போகிறது? இத்தனை ஆண்டு நின்றது, இன்னும் நிற்கும். இரயிலிலேயே போவோம்” என்றான். சொல்லிவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்தான். அவனுக்கு அது எளிதாய் இருந்திருக்காது என்பதை நாங்கள் அறிவோம்.

காசு சேர்ப்பதற்கு ஒரு மைலோ டப்பாவை எடுத்து மூடியில் துளையிட்டோம். யார் எவ்வளவு இட்டார் என்று எழுதிவைப்பதில்லை. மொத்தம் இருநூற்று எழுபது வெள்ளி சேரவேண்டும், அவ்வளவுதான் எங்கள் சட்டம். ஐம்பது காசு விழும் ஓசைக்கும் ஒரு வெள்ளித் தாள் விழும் ஓசையின்மைக்கும் நாங்கள் காது கொடுப்பதில்லை. மறு வாரம் பெயர்ப் பட்டியலில் பதினெட்டாவது பெயர் இருந்தது. அதை எழுதியது அவளுடைய கையெழுத்தே.

இரயில் என்று முடிவானதால் எங்களுக்கு எதிர்பாராத ஊதியம் ஒன்றும் கிடைத்தது. பட்டர்வொர்த்திலிருந்து புறப்படும் இரயில் நிபோங் திபால், பாரிட் புந்தார், பாகான் செராய் வழியாகக் கிரியான் நெல்வயல்களின் நடுவே செல்கிறது. அக்காலத்தில் இவ்வட்டாரக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவருள் நம் முன்னோர் பலர். மழையையே நம்பிய வயல்கள் வறட்சியில் பொய்த்துப் போனதால், குராவ் ஆற்றைத் தடுத்துப் புக்கிட் மேராவில் ஒரு நீர்த்தேக்கம் கட்டினர். 1906-இல் அப்பணி நிறைவுற்றது. இன்றும் ஏறத்தாழ 24,000 எக்டேர் வயலுக்கு நீர் தருவது கிரியான் பாசனத் திட்டமே. கெலிசா எனும் பொன்னிற மீனுக்கும் அவ்வேரி பெயர் பெற்றது. இரயில் அந்த ஏரியின் குறுக்கே செல்கிறது! 2014-இல் இரட்டைப் பாதை முடிந்தபோது, ஏரியின் மேல் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் நீளப் பாலம் அமைந்தது. இருபுறமும் தண்ணீராக இருக்கும் என்று கேள்விப்பட்டதும், சன்னலோர இருக்கைக்கு இனிச் சண்டை வேண்டா என்று ஆசிரியை மகிழ்ந்தார். எங்களைப் பற்றி அவர் இன்னும் முழுதாய் அறியவில்லை. போகும்போது ஒரு பாதியினரும் வரும்போது மறு பாதியினரும் சன்னலோரம் அமர்வதெனச் சீட்டுக் குலுக்கிப் போட்டோம்.

மற்றவை விரைவில் முடிந்தன. நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போகலாம் என்று கேட்ட மூவரை ஆசிரியை ஒரே பார்வையில் அமரச் செய்தார். 1961-இல் திறக்கப்பட்ட விலங்குத் தோட்டம் ஏரிப்பூங்காவை அடுத்தே உள்ளது. அதன் நுழைவுக் கட்டணத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்றுக்கொண்டது. புளிச்சோறும் அவித்த முட்டையும் தருவதாக அன்னையர் நால்வர் வாக்களித்தனர். நிலையத்திலிருந்து ஏரிக்குச் சிறுவர் நடையில் அரைமணி நேரமாவது ஆகும், நடப்போம்.

எஞ்சியது மழை. படத்திலிருந்த சிறுவர்களுக்கு இலை உதிரும் அதே செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் நமக்கு மழை மிகுதி. அதிலும் தைப்பிங் தீபகற்பத்திலேயே மழை மிகுந்த ஊர். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் பெய்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, ஊரின் பின்னே 1,000 மீட்டருக்கு மேல் சுவர்போல் எழுந்த மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து, பெரும்பாலும் பிற்பகலில் மழையாய்க் கொட்டுகிறது. முன்னாளில் அவ்வூரார் இன்று மழை எப்போது வரும் என்று பந்தயம் கட்டுவராம். ஆகவே பெர்ரிக்கு வைகறையிலேயே கூடுவது, ஏரியை முற்பகலில் சுற்றுவது, விலங்குத் தோட்டத்தை அதன்பின் வைப்பது என்று நேரத்தை வகுத்தோம். “மழை வந்தால்?” என்று தலைமையாசிரியர் கேட்டார். “தூங்குமூஞ்சி மரம் இலையை மூடும்; அதைப் பார்த்ததும் குடையை விரிப்போம், ஐயா” என்றோம். அவர் சிரித்து ஒப்பமிட்டார்.

இம்மலர் அச்சகத்துக்குச் செல்லும் இன்று, பயணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் உள்ளது. டப்பாவைத் திறந்து எண்ணினோம். இருநூற்று ஐம்பத்தொன்பது வெள்ளி இருக்கிறது, பதினொன்று குறைகிறது. குடைகள் பதினான்கு சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் இரண்டுக்குக் கம்பி உடைந்துள்ளது. அவற்றைச் சரிசெய்து தருவதாக இருப்புப்பாதைக்காரரின் பேரன் வீட்டுக்கு எடுத்துச் சென்றிருக்கிறான்.