கடல்ல தூண்டில் போடப் போறீங்களா? "இன்னைக்கு வேண்டாம்"னு சொல்ற ஆளோட போங்க

1/
லீவு விட்டதுல இருந்து இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி. "டாக்டர், படகுல போய் தூண்டில் போடலாம்னு இருக்கோம், பசங்களைக் கூட்டிட்டுப் போலாமா? என்ன மாத்திரை போடணும்?" தனித்தனியா பதில் போடுறதுக்குப் பதிலா மொத்தமா எழுதிடறேன். கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டுட்டு வந்து படிங்க.

2/
முதல்ல, நான் கடற்கரைக்காரன் இல்ல. ஆத்தங்கரை ஆளு. தாமிரபரணியில மண்புழு மாட்டி கெண்டையும் கெளுத்தியும் பிடிச்சு வளந்தவன். பொதிகையில பொறந்து சுமார் 125 கி.மீ. ஓடி புன்னக்காயல் பக்கம் கடல்ல சேர்ற ஆறு அது. ஆத்துல பயமா இருந்தா கரையேறிடலாம். கடல்ல நாம நினைச்ச நேரத்துக்குக் கரை வராது. இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சா பாதி இழை புரிஞ்ச மாதிரி.

3/
வெளிநாட்டுல இதுக்கு சார்ட்டர்னு பேரு. படகு, ஓட்டுற ஆள், தூண்டில், இரை எல்லாம் அவங்களே தருவாங்க. தூண்டிலே தொடாதவரும் போகலாம், பல வருஷம் பழகினவரும் போகலாம். நம்ம நாட்டுல அந்தமான் இதுக்குப் பேர் போன இடம். பெரிய பாறை மீனைப் பிடிச்சு, போட்டோ எடுத்துட்டு, திரும்பக் கடல்லயே விடறதுக்குன்னு வெளிநாட்டுல இருந்து வருவாங்க. நம்ம பக்கம் பெரும்பாலும் தெரிஞ்ச மீனவர் மூலமா போறதுதான்.

4/
நாங்க போனதும் அப்படித்தான். பிரஷர் மாத்திரைக்கு வர்ற ஒரு அண்ணாச்சி. வயசு ஐம்பதுக்கு மேல. சின்னப் பையனா இருந்தப்பவே கடலுக்குப் போனவர். அவர் தொழிலுக்குப் போற ஃபைபர் படகுல நாலு பேரை ஏத்திக்க சம்மதிச்சார். எண்ணெய்ச் செலவு மட்டும் எங்களோடது. நான், என் கூட வேலை பார்க்கிற டாக்டர், அவரோட 13 வயசுப் பையன், ஒரு ரிட்டயர்டு வாத்தியார்.

5/
முந்தின நாள் சாயங்காலம் அண்ணாச்சி போன் பண்ணினார். "டாக்டர் தம்பி, பஸ்ல போனா வாந்தி எடுக்கிற ஆள் யாரும் உண்டா? சுகர் யாருக்கு இருக்கு? நீச்சல் யாருக்குத் தெரியும்? தண்ணி போட்டுட்டு வாற ஆள் இருந்தா இப்பமே சொல்லிருங்க, அவர விட்டுட்டுப் போயிருவோம்." நாங்க கேஸ் ஷீட்ல அரைப்பக்கம் எழுதுற ஹிஸ்டரியை மூணு நிமிஷத்துல எடுத்துட்டார்.

6/
விடியறதுக்கு முன்னாடி கிளம்பினோம். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, வாரை இழுத்துப் பார்த்த அப்புறம்தான் இன்ஜினைத் தொட்டார். சுகர் இருக்கிற வாத்தியாரைப் படகுக்கு நடுவுல உக்கார வச்சார். படகு முன்னாடியும் பின்னாடியும் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி கம்மியாத்தான் ஆடும். பையனைத் தன் கைக்கு எட்டுற தூரத்துல வச்சுக்கிட்டார்.

7/
கடலுக்கு அடியில இருக்கிற பாறைத் திட்டுக்கு இங்க பார்னு பேரு. மீன் அங்கதான் கூடும். கரையில தெரியுற ரெண்டு அடையாளம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா எப்ப நேர்க்கோட்டுல வருதுன்னு பார்த்து அந்த இடத்துல நிறுத்தினார். ஜிபிஎஸ்ஸும் இருந்துச்சு. ரெண்டையும் பார்த்துக்கிட்டார்.

8/
நண்பர் ஆன்லைன்ல வாங்கின கம்பு, ரீலோட வந்திருந்தார். "நல்ல சாமான்தான்"னு சொல்லிட்டு, அதுல இருந்த சின்ன ஈயத்தைக் கழட்டி கனமானதை மாட்டினார். நீரோட்டம் இழுக்கும்போது லேசான ஈயம் தரைக்கே போகாது. இரை பாதித் தண்ணியில அலையும்.

பையனுக்குக் கம்பே இல்ல. கட்டையில சுத்தின தங்கூசி, முனையில கணவாய்த் துண்டு. "ஈயம் தரையைத் தொட்டா தங்கூசி தளரும். அதுக்கப்புறம் ஒரு முழம் தூக்கிப் பிடி. விரல்ல டிக்குனு கேக்கும். ஒடனே இழுத்துராத, ரெண்டாவது டிக்குக்கு இழு." முதல் விளமீன் அவனுக்குத்தான். ரீல்காரருக்கு ஒரு மணி நேரம் ஒண்ணுமே இல்ல.

ஒரே படகுல ஒருத்தருக்கு சாமானைத் திருத்தினார், ஒருத்தனுக்கு விரலைப் பழக்கினார். எல்லா நிலை ஆளுக்கும் ஏத்தபடி கூட்டிட்டுப் போறதுன்னா அதுதான்.

9/
இப்ப மாத்திரைக் கேள்விக்கு வரேன். உள்காது "ஆடுறோம்"னு சொல்லுது, படகுக்குள்ளயே பார்த்துட்டு இருக்கிற கண்ணு "ஆடல"ன்னு சொல்லுது. இந்தச் சண்டைதான் கடல் வாந்தி. தூரத்துல வானமும் கடலும் சேருற கோட்டைப் பாருங்க. போனைப் பார்க்காதீங்க. வெறும் வயித்தோட போகாதீங்க, பரோட்டா சால்னாவும் வேண்டாம். ரெண்டு இட்லி போதும்.

மாத்திரையைக் கிளம்புறதுக்கு முன்னாடியே போடணும். வாந்தி ஆரம்பிச்ச அப்புறம் போட்டா மாத்திரையும் சேர்ந்து வெளிய வந்துடும். தூக்கம் வரும். கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேக்காம போட வேண்டாம்.

10/
சுகர்காரங்க இதைக் கட்டாயம் படிங்க. இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுத்துட்டு, சாப்பிட்டதை வாந்தி எடுத்தா சுகர் இறங்கும். வேர்வை, நடுக்கம், குழப்பம். கடல்ல இதை வெயில் மயக்கம்னு நினைச்சுடுவாங்க. எங்க வாத்தியாருக்கு அன்னைக்கு ரெண்டு தடவை வாந்தி. நாங்க கேக்கிறதுக்கு முன்னாடியே அண்ணாச்சி டப்பாவுல இருந்து கருப்பட்டித் துண்டை எடுத்து நீட்டினார். நேத்து போன்ல கேட்ட கேள்வி எதுக்குன்னு அப்ப எங்களுக்குப் புரிஞ்சுது.

11/
எட்டரை மணி இருக்கும். மீன் கடிக்க ஆரம்பிச்சுது. விளமீன், ஒரு ஊளி, நண்பர் ரீல்லயும் ஒரு பாறை. அப்பதான் அண்ணாச்சி நங்கூரக் கயிறைப் பார்த்தார், தெக்க பார்த்தார். "தூண்டிலைத் தூக்குங்க, போவோம்."

நண்பருக்குக் கோபம். "அண்ணாச்சி, இப்பதான் கடிக்குது. எண்ணெய்க் காசு குடுத்திருக்கோம்ல, இன்னும் ஒரு மணி நேரம்." அண்ணாச்சி சத்தம் போடல. "நீரு ஒரு பக்கம் போவுது, காத்து எதிர்ல வருது சார். அலை குத்தா எந்திரிக்கும். முகத்துவாரத்துல மணல் மேடு கெடக்கு. நான் மட்டும்னா நிப்பேன். பிள்ளைய வச்சிக்கிட்டு நிக்க மாட்டேன்." இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிட்டார்.

12/
கரைக்கு வந்தோம். பெரிய காத்து எதுவும் அடிக்கல. பதினோரு மணிக்கும் கடல் பார்க்க சும்மாத்தான் கெடந்துச்சு. நண்பர் "பாத்தீங்களா"ன்னு என்கிட்ட முணுமுணுத்தார்.

அந்த முடிவு சரிதான்னு எனக்கு அப்பவும் தோணுச்சு, இப்பவும் தோணுது. நெஞ்சுவலின்னு வர்றவருக்கு முதல் ஈசிஜி நார்மலா இருந்தாலும் உக்கார வச்சு ரெண்டாவது எடுக்கிறோம். அதுவும் நார்மலா வந்தா "சும்மா உக்கார வச்சீங்களே"ம்பாங்க. முடிவு எடுக்கும்போது கையில இருந்த தகவலை வச்சுதான் அது சரியா தப்பான்னு பார்க்கணும்.

13/
எனக்கும் அவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. இந்த இழையே அதுக்காகத்தான். நான் அரசாங்க சம்பளக்காரன். "உங்களுக்கு ஊசி வேண்டாம்"னு சொன்னா நோயாளி முறைப்பாரு, என் சம்பளம் குறையாது. அண்ணாச்சி "வேண்டாம்"னு சொன்ன அன்னைக்கு அவர் பெட்டியில மீன் பாதிதான். எண்ணெய் எரிஞ்சது எரிஞ்சதுதான்.

14/
அதனால படகு போனாத்தான் காசுன்னு பேசினோம்னா, போகக்கூடாத நாள்லயும் கிளம்பச் சொல்லி நாமளே அவரைத் தள்ளுறோம். மீன் கிடைச்சாத்தான் காசுன்னு பேசினா, திரும்ப வேண்டிய நேரத்துல நிக்க வைக்கிறோம். போறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க: "கடல் சரியில்லன்னு நீங்க சொன்னா நாங்க கேள்வி கேக்க மாட்டோம், அந்த நாளுக்கான கூலி உங்களுக்கு உண்டு." லைஃப் ஜாக்கெட்டுக்கு அடுத்தபடியா உங்க உயிரைக் காப்பாத்துறது இந்த ஒரு வாக்கியம்.

15/
பயமுறுத்தறதா நினைக்காதீங்க. 2017 நவம்பர் 30, ஒக்கி. குமரிக்குப் பக்கத்துலயே, ஒரே நாளுக்குள்ள புயலா மாறுச்சு. ஆழ்கடல்ல இருந்தவங்க பலருக்கு சேதியே போய்ச் சேரல.

2023 மே 7, கேரளா தானூர். மீன்பிடிப் படகை சுற்றுலாப் படகா மாத்தி, அளவுக்கு மேல ஆள் ஏத்தினாங்க. 22 பேர் போயிட்டாங்க, நிறைய பேர் குழந்தைங்க.

2024 மே 6, கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரை. 5 மருத்துவ மாணவர்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரம் அது. எங்கயோ தெற்கு இந்தியப் பெருங்கடல்ல எழும்புற அலை, இங்க காத்தே இல்லாத நாள்லயும் கரையேறும். வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எங்க தம்பி தங்கச்சிங்க மாதிரி பிள்ளைங்க. அந்த வாரம் எங்க டியூட்டி ரூம்ல யாரும் சரியா பேசல.

16/
கிளம்புறதுக்கு முந்தின நாள் வானிலை ஆய்வு மையத்தோட மீனவர் எச்சரிக்கையும், ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் வெளியிடற அலை எச்சரிக்கையும் பாருங்க. ரெண்டுல ஒண்ணு வேண்டாம்னு சொன்னாலும் வேண்டாம். ரெண்டும் சரின்னு சொல்லி, கூட்டிட்டுப் போறவர் வேண்டாம்னு சொன்னாலும் வேண்டாம்.

17/
இனி என் டிபார்ட்மென்ட்.

முள் குத்தினா: தூண்டில் முள்ளுல பின்பக்கமா ஒரு கொக்கி இருக்கும். வந்த வழியே பிடுங்கினா சதையைக் கிழிக்கும். தங்கூசியை வெட்டிட்டு, முள்ளை அசையாம வச்சு ஆஸ்பத்திரிக்கு வாங்க. மரத்துப்போக ஊசி போட்டு, பெரும்பாலும் முன்பக்கமா தள்ளி கொக்கியை வெட்டித்தான் எடுப்போம். வரும்போது ஒரு கட்டிங் ப்ளையரும் கொண்டு வாங்க, ராத்திரி நேரத்துல அதைத்தான் தேடிட்டு இருப்போம். கண்ணுல குத்தினா தொடாதீங்க, அழுத்தாதீங்க. பேப்பர் கப்பால மூடிட்டு நேரா கண் டாக்டர்கிட்ட போங்க. எதுவா இருந்தாலும் டிடி ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு யோசிச்சு வைங்க.

18/
திருக்கை குத்தினா: அந்த விஷம் சூட்டுக்கு அடங்கும். கை பொறுக்கிற சூடு, 45 டிகிரிக்கு மேல போகாத தண்ணியில 30 முதல் 90 நிமிஷம் முக்கி வைங்க. சூட்டைக் குத்துப்படாத கையால பார்க்கணும். வலியில இருக்கிற கைக்கு சூடு தெரியாது, வெந்துடும். ஃப்ளாஸ்க்குல சுடுதண்ணி கொண்டு போறது இதுக்கும் உதவும். நெஞ்சுலயோ வயித்துலயோ குத்தி நின்னா பிடுங்கவே கூடாது, அப்படியே கொண்டு வாங்க.

19/
சுகர், ஈரல் நோய், தினமும் குடிக்கிற பழக்கம் இருக்கிறவங்களுக்கு கடல் தண்ணி பட்ட சின்னக் காயமும் சின்னது இல்ல. விப்ரியோ வல்னிஃபிகஸ்னு ஒரு கிருமி, ஒரே நாள்ல காலை எடுக்கிற நிலைக்குக் கொண்டு போகும். வீக்கம், கொப்புளம், காயத்துக்கு மிஞ்சின வலி இருந்தா மறுநாள் வரை காத்திருக்காதீங்க.

20/
பிடிச்ச மீன்: பேத்தை மாட்டினா தூக்கிப் போடுங்க. வேக வச்சாலும் அதோட விஷம் போகாது, மாத்து மருந்தும் கிடையாது. சூரையை வெயில்ல போட்டு வச்சா ஹிஸ்டமின் உண்டாகும். அதுவும் சமைச்சாப் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல முகம் செவந்து, தலைவலி, அரிப்பு வரும். ஐஸ் பெட்டி இல்லாம கிளம்பாதீங்க.

21/
சட்டமும் கொஞ்சம். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவோட 21 தீவுக்குப் பக்கம் அனுமதி இல்லாம போகவே கூடாது. கடல் அட்டை, கடல் குதிரை, ஆமை எதையும் எடுக்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தானூர்ல நடந்தது ஞாபகம் இருக்கட்டும்: காசு வாங்கிட்டு ஆள் ஏத்துற படகுன்னா அதுக்கு அனுமதி இருக்கா, எத்தனை பேருக்குன்னு கேளுங்க. அமெரிக்காவுல இதுக்குன்னு கோஸ்ட் கார்டு லைசன்ஸ் இருக்கு. அதுல சின்ன வகை லைசன்ஸ் வச்சிருக்கிறவர் 6 பயணிக்கு மேல ஏத்த முடியாது. நம்ம பக்கமும் இது முறையா வந்தா, மீன் இல்லாத மாசத்துல அண்ணாச்சி மாதிரி ஆளுங்களுக்கு ஒரு நல்ல வருமானம்.

22/
கூட்டிட்டுப் போறவர்கிட்ட கேக்க வேண்டியது: எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கா, குழந்தை அளவுல இருக்கா? இன்ஜின் நின்னா என்ன பண்ணுவீங்க? கரையில யாருக்கு நேரம் சொல்லிட்டு வர்றீங்க? கடைசியா எப்ப பாதியில திரும்பினீங்க? "நான் திரும்பினதே இல்ல"ன்னு சொன்னா வேற ஆளைப் பாருங்க.

போன்ல இருக்க வேண்டிய நம்பர்: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கரையில 108.

23/
கடைசியா, அவரை டிரைவர் மாதிரி நடத்தாதீங்க. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை கொட்டி, ஆறு ஊருக்குள்ள வந்தப்போ, லாரியில படகை ஏத்திட்டு வந்து நம்மாட்களை மீட்டவங்க இந்தக் கடற்கரை ஊர்க்காரங்கதான். தண்ணியைப் பத்தி அவங்க ஒரு வார்த்தை சொன்னா, அதுக்கு மேல நமக்கு பேச்சு இல்ல.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. இன்னைக்கு நைட் டியூட்டி, கேஸ் இல்லாத நேரத்துல பதில் போடறேன்.