பாட்டனார் வாழ்த்துரை

சாந்தோமில் வாழும் எம் பாட்டியார்க்குக் கண்ணொளி ஆண்டுக்காண்டு மங்கி வருகின்றது. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யான் அவரைக் காணச் சென்றபோது, இரும்புப் பெட்டியின் அடியினின்றும் டி.வி.டி. வட்டு ஒன்றை எடுத்து என் கையிற் கொடுத்தார். 2009-ஆம் ஆண்டில் நிகழ்ந்த எம் அத்தையாரின் திருமணப் பதிவு அது. மணமக்களை வாழ்த்தி எம் பாட்டனார் பேசிய பேச்சு அதில் உளது. அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஆண்டுகள் பல கழிந்தன. அவர் குரல் வேறெங்கும் பதியப்பெறவில்லை.

“முகம் தெரியாட்டாலும் பரவாயில்லை, கண்ணு, அவர் பேசுறது காதிலே விழுந்தாப் போதும்” என்றார் பாட்டியார். எளிய செயலென்று எண்ணி யானும் வாக்களித்துவிட்டேன்.

எனது மடிக்கணினியில் வட்டினை இடும் தட்டே இல்லை. அண்மைக்காலத்து மடிக்கணினிகள் பெரும்பாலனவும் அங்ஙனமே. ஆதலின் தியாகராய நகருக்குச் சென்று, கம்பியால் இணைக்கும் டிரைவ் ஒன்றை வாங்கி வந்தேன். அது சிறிது சுழன்றது, முனகிற்று, நின்றது. வட்டே கெட்டதென்று அஞ்சினேன். பின்னரே காரணம் விளங்கிற்று. பென் டிரைவ் முதலியன செருகியிருந்த யு.எஸ்.பி. ஹப்பில் இதனையும் செருகியிருந்தேன். வட்டைச் சுழற்றப் போதிய மின்சாரம் அதற்குக் கிட்டவில்லை. கணினியில் நேரே செருகியதும் வட்டு ஒழுங்காகச் சுழன்றது.

ஆயினும் படம் தோன்றவில்லை. 2012-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 8 முதலாக, டி.வி.டி. படங்களைக் காட்டும் ஆற்றல் விண்டோஸுடன் இயல்பாக வருவதில்லை. அடையாற்றிலுள்ள நண்பனொருவன், “மண்டல எண்ணை மாற்றிப் பார்” என்றான். இந்தியாவுக்குரிய எண் 5. டிரைவில் அவ்வெண்ணை ஐந்து முறையே மாற்றலாம். பின்னர் அஃது இறுதியில் நின்ற எண்ணிலேயே நிலைத்துவிடும். விற்பனைக்கு வரும் திரைப்பட வட்டுகளுக்கே அத்தடை உரியது. வீட்டு விழாப் பதிவுகளுக்கு அன்று. இதனை அறிந்து, அவ்வெண்ணைத் தொடாது விடுத்தேன். வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருளை நிறுவியதும் மணமேடை திரையில் விரிந்தது. 1996-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கல்லூரி மாணவர் தொடங்கிய முயற்சியே அம்மென்பொருளாயிற்று என்று அறிந்தபோது, மாணவனாகிய எனக்கும் பெருமிதம் உண்டாயிற்று.

பாட்டனார் எழுந்து நின்றார், வாய் திறந்தார். அவ்வளவில் படம் சதுரஞ் சதுரமாகச் சிதறி நின்றது. இவ்விடத்தில் என் குற்றத்தை மறைத்தல் தகாது. வட்டிற் படிந்திருந்த தூசியை முதல் நாளே சட்டை நுனியால் வட்டமாக அழுந்தத் துடைத்திருந்தேன். டி.வி.டி.யில் பதிவுகள் உள்ளிருந்து வெளிநோக்கிச் சுருளாகச் செல்லும் தடத்தில் உள்ளன. தடத்தின் குறுக்கே விழுங் கீறல் அதனைச் சிறிதே வெட்டும். அங்ஙனம் விடுபட்டதைக் கணக்கிட்டு நிரப்பும் வழி பதிவிலேயே உண்டு. தடத்தை ஒட்டி வளையும் கீறலோ தொடர்ந்து பலவற்றை அழித்துவிடும். ஆகவே மெல்லிய துணியால் நடுவினின்று விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தலே முறை. அங்ஙனஞ் செய்தபின், பழுதைத் தாண்டிச் செல்லும் மென்பொருளொன்றால் வட்டு முழுவதையும் கணினியிற் படியெடுத்தேன். பேச்சு வந்தது, ஆயினும் இடையிற் சில நொடிகள் மீளவேயில்லை.

பாட்டியார் கண்மூடிக் கேட்டார். பேச்சு அற்ற இடம் வந்ததும், அங்குள்ள சொற்களைத் தாமே மெல்லச் சொல்லி முடித்தார். யான் என் பிழையை உரைத்தேன். “போனாப் போகுது, எனக்குத்தான் தெரியுமே” என்றார். எனக்கோ தெரியாது. அச்சொற்களை மறுமுறையும் சொல்லச் சொல்லி என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

எழுதும்போது, பெசன்ட் நகரிலுள்ள டாக்டர் உ. வே. சா. நூல்நிலையம் என் நினைவிற்கு வந்தது. ஊரூராய்ச் சுவடி தேடி, 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய பெரியாரின் பெயர் தாங்கியது அது. பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் ஒருவர் பெயர்த்தெழுதியமையாலன்றோ நம் நூல்கள் நம் கைக்கு எட்டின?

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் இத்தகைய வட்டுகள் கிடக்கலாம். அவை நன்னிலையில் உள்ளபோதே இரண்டு படிகள் எடுத்து வெவ்வேறிடங்களில் வையுங்கள். விடுபட்டதை எடுத்துச் சொல்ல வல்லார் அருகிருக்கும்போதே அவரோடமர்ந்து காணுங்கள்.